ஹெஸ்ஸாவிடமிருந்து எடுத்தது

பதினாறு வருடங்களில் எழிலரசி கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பெண்கள் ஆயிரத்து நானூறு பேருக்கு மேல். ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்கள், பேரனை ஸ்கூலில் விட்டுக் கூட்டி வர வேண்டியவர்கள், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து கணவனுக்குத் தெரியாமல் வந்தவர்கள், கணவனோடு சண்டை போட்டுவிட்டு அவன் கண்ணெதிரிலேயே வந்து சேர்ந்தவர்கள். குமணன்சாவடி சந்திப்பை மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை இன்ஜின் அணையாமல் கடந்துவிட்டால் உலகத்தில் எங்கும் ஓட்டலாம் என்பது அவர் கட்சி.

அவர் வேலை பார்த்த பூந்தமல்லி டிரைவிங் ஸ்கூலின் முதலாளி ஹேமநாதன் பக்திமான். புதிதாகச் சேரும் யாரும் முதல் நாள் ஓர் எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றாமல் தெருவுக்குப் போகக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். புது வண்டி வாங்கினால் நான்கு சக்கரத்துக்கும் வைக்கிற அதே பழம்தான். இங்கே முன்சக்கரத்துக்கு மட்டும் ஒன்று. எழிலரசிக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. அவருடைய அப்பா ரகுநாதன் ஆவடி டேங்க் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். மகளுக்கு வேண்டுமென்றே ராகுகாலத்தில் தாலி கட்ட வைத்து, முகம் சுளித்த உறவினர்களுக்கு அதே ராகுகாலத்தில் பந்தியும் போட்டவர்.

ஆனாலும் எழிலரசி பழத்தை விடவில்லை. அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார். கிளட்சை வெடுக்கென்று விட்டால் வண்டி துள்ளும், பழம் தெறித்து ஓடிவிடும். நிதானமாக விட்டால் பழம் முதலில் நெளியும், ஒரு பக்கமாகப் பிதுங்கும், பிறகுதான் உடையும். "எனக்கு அந்த சத்தம் கேக்கணும். அஞ்சு எண்றதுக்குள்ள ஒடஞ்சா நீ ஃபெயிலு" என்பார். பத்து நாளில் வர வேண்டிய கால் பக்குவம் மூன்று நாளில் வந்தது.

2022 அக்டோபரில் எழிலரசி வளைகுடாவுக்குக் கிளம்பினார். நாட்டின் பெயரை எழுதக் கூடாது என்பது இதையெல்லாம் சொல்லும்போது அவர் போட்ட ஒரே நிபந்தனை. கடலிலிருந்து நான்கு மணி நேரம் உள்ளே, பாலைவன ஓரத்தில் ஒரு நகரம். பெண்கள் வண்டி ஓட்ட ஆரம்பித்துச் சில வருடங்களே ஆகியிருந்த இடம். பெண்களுக்கு மட்டும் ஒரு டிரைவிங் ஸ்கூல் திறந்தார்கள். சொல்லித்தரப் பெண்கள் வேண்டும். அங்கே வரவேற்பு மேஜையில் ஆறு வருடமாக இருந்த சபீனா பூந்தமல்லிக்காரி, எழிலரசியிடம் கார் பழகியவள். அவள்தான் கூப்பிட்டாள். எழிலரசியின் கணவர் திருமுருகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். "ரெண்டு வருசம்தான, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று ஏர்போர்ட்டில் தைரியம் சொன்னார். சொல்லி முடித்ததும் அழுததும் அவர்தான். ஒன்பதாவது படித்த மகள் கார்த்திகா அழவில்லை.

அங்கே எல்லாம் இடம் மாறியிருந்தது. ஸ்டியரிங் இடது பக்கம். கியர் தானாக மாறியது. முதல் வாரம் முழுக்க எழிலரசியின் கை கியரைத் தேடிப் போய்க் கதவில் இடித்தது. ஹாரன் அடித்தால் திட்டியதாக அர்த்தம். தெருக்கள் நேராக, அகலமாக, காலியாக இருந்தன. மாடு இல்லை, பள்ளம் இல்லை, எதிர்த் திசையில் வருகிற தண்ணி லாரி இல்லை. கண்ணுக்கு வேலையே இல்லாத ரோட்டில் மாணவிகள் பாதித் தூக்கத்தில் ஓட்டினார்கள். எனவே எழிலரசி குமணன்சாவடியைத் தானே உண்டாக்கினார். திடீரென்று "ஷேர் ஆட்டோ!" என்று கத்துவார். அதாவது, இதோ ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்து நிற்கிறது. கேட்ட மறுநொடி வலது கால் பிரேக்கில் இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் மாணவிகள் ஒருவருக்கொருவர் அதைக் கத்திச் சிரிக்கும் அளவுக்கு அது அந்த ஊர் வார்த்தையாகிவிட்டது.

கண் மட்டும் தெரிகிற கறுப்பு உடை, கையில் கறுப்பு உறை. வந்த புதிதில் யார் யார் என்று எழிலரசி செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டார். உயரமான மதில் சூழ்ந்த பயிற்சி மைதானத்துக்குள் வந்ததும் முகத்திரைகள் மேலே போகும். பேரீச்சம்பழமும் ஏலக்காய் போட்ட காப்பியும் கைமாறும். கேள்விகள் வரும். மூக்கில் ஏன் ஆணி? தலைமுடிக்கு என்ன எண்ணெய்? உங்கள் ஊரில் வீட்டிலேயே பாம்பு வளர்ப்பீர்களாமே?

"ரெண்டு வளக்கறோம்னு சொல்லு" என்றார் எழிலரசி. "ஒண்ணு என் மாமியாரு, இன்னொண்ணு நாத்தனாரு."

சபீனா முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தாள். பெண்கள் கண் விரியப் பார்த்தார்கள். மாமியாரை இழுக்க வேண்டாம் என்று அவள் நினைத்தாளாம்.

பழப் பாடமும் அங்கே தொடர்ந்தது. கிளட்ச் இல்லாவிட்டால் என்ன, பிரேக்கிலிருந்து காலை எவ்வளவு மெதுவாக எடுக்கிறாய் என்பதைப் பழம் சொல்லும். நாற்பது பெண்களுக்கு மேல் அதைச் செய்தார்கள். பழம் உடையும்போது கூச்சல் போட்டார்கள். ஒருத்தி வீடியோ எடுத்தாள்.

ஹெஸ்ஸா சேர்ந்தது மே மாதம். இருபத்துநான்கு வயது, மருந்தியல் படிக்கிறவள். தம்பியின் வண்டிக்காகக் காத்திராமல் தானே கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. முதல் நாள், காலை பதினோரு மணி. முன்சக்கரத்துக்கு அடியில் எழிலரசி பழத்தை வைத்துவிட்டு நகர்ந்தார். வண்டி ஊர்ந்தது. ஏழு எண்ணியாயிற்று, எட்டு எண்ணியாயிற்று, சத்தம் வரவில்லை. வண்டி ஒரு முழு நீளம் நகர்ந்து நின்றது. எழிலரசி குனிந்து பார்த்தார். பழம் இல்லை.

சக்கரத்தில் ஒட்டியிருக்கவில்லை. பின்னால் உருண்டிருக்கவில்லை. நான்கு பக்கமும் மதில். சிமெண்டுத் தரையில் சாக்கடைத் துளைகூடக் கிடையாது. நான்கு பெண்கள் தேடினார்கள். தரையில் ஈரத் துளி இல்லை, தோல் இல்லை, வாசனையும் இல்லை. ஹெஸ்ஸா மட்டும் சிரித்தாள். எழிலரசி இன்னொரு பழத்தை வைத்தார். அது ஒழுங்காக உடைந்தது. அடுத்த பதின்மூன்று நாள்களில் ஹெஸ்ஸாவைப் போல வேகமாகக் கற்றவர் யாரும் இல்லை.

பதினைந்தாம் நாள் அவள் வரவில்லை. படுக்கையிலிருந்து வலது கால் எழவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாப் படமும் எடுத்துப் பார்த்து, காலில் கோளாறு எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரமே எழிலரசியின் வகுப்பு சுருங்கியது. பதினொன்று ஏழாகி, ஏழு இரண்டானது. வந்த இருவரும் வண்டியில் தங்களுக்கும் அவருக்கும் நடுவே கைப்பையை நிறுத்தி வைத்தார்கள். போனில் குர்ஆன் ஓதல் ஓடிக்கொண்டே இருந்தது. "ஷேர் ஆட்டோ" என்று எழிலரசி சொன்னபோது ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, பழம் வெக்கறத நிறுத்துங்க" என்றாள் சபீனா.

"எதுக்குடி?"

"ஹெஸ்ஸா காலக் கட்டிட்டீங்கன்றாங்க."

"நான் இன்னாத்தடி கட்டினேன்?"

"அன்னிக்குக் காணாமப் போச்சே, அது அவ உள்ள பூந்துகிச்சாம்."

எழிலரசி சிரித்தார். சபீனா சிரிக்கவில்லை.

"இது நம்ம ஊர் இல்லக்கா. இங்க சூனியத்துக்குக் கேஸு கீது, ஜெயிலு கீது. நீங்க வேற பாம்பு வளக்கறேன்னு சொல்லி வெச்சிருக்கீங்க."

"மாமியாருன்னு சொன்னேனேடி!"

"அத்த நான் சொல்லலியே!"

இரண்டு நாள் கழித்து, மதியம் இரண்டு மணிக்கு எழிலரசி தங்கியிருந்த விடுதியின் கதவு தட்டப்பட்டது. அந்த ஊரில் அது எல்லாரும் கதவடைத்துக் கிடக்கிற நேரம். நாற்பத்தாறு டிகிரி. கடைகளின் ஷட்டர் இறங்கியிருக்கும். பூனைகூடத் தெருவில் நிற்காது. வெள்ளை வெயிலில் கறுப்பு உடையில் ஒரு பெண் தனியாக நின்றார். ஹெஸ்ஸாவின் தாய். அங்கே மூத்த மகனின் பெயரைச் சொல்லித்தான் தாயைக் கூப்பிடுவார்கள். எனவே அவர் உம் ஃபஹத், அதாவது ஹெஸ்ஸாவின் தம்பி ஃபஹத்தின் அம்மா. நடந்தே வந்திருந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசற்படியைத் தாண்டவில்லை. பக்கத்து அறையில் இருந்த சபீனா ஓடி வந்து மொழிபெயர்த்தாள்.

"உன்னை நான் காட்டிக்கொடுக்கவில்லை. நீ கட்டியதை நீயே அவிழ்த்துவிடு."

"நான் எதுவும் பண்ணலைன்னு சொல்லு சபீனா."

சபீனா சொன்னாள். அந்த அம்மா தலையை அசைத்தார். "செய்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். என் பெண் நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. கால்மாட்டில் ஏதோ மஞ்சளாக உட்கார்ந்திருக்கிறது என்கிறாள். வியாழக்கிழமைக்குள் அவள் எழுந்தால் ஃபஹத் சும்மா இருப்பான். எழாவிட்டால் போலீசுக்குப் போவான்."

பிறகு அவர் அதே வெயிலில் திரும்பி நடந்தார். ஒரு தடவையும் முதுகைக் காட்டவில்லை. தெரு முனை வரை பக்கவாட்டாகவே, எழிலரசியின் வாசலைப் பார்த்தபடியே போனார்.

எழிலரசி கணவருக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் திருமுருகன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீ சாமி படத்துக்கே பூ போட மாட்ட. உன்னியப் போயி மந்திரவாதின்றாங்களா? மாமா மட்டும் உசுரோட இருந்தா..."

"யோவ், ஜெயில்ல போட்டுருவாங்கய்யா."

சிரிப்பு நின்றது. "இன்னா மே சொல்ற? நெசமாவா?"

"நான் எடுக்கறேன்னு போனா, வெச்சது நான்தான்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும். போவலன்னா அந்தப் பொண்ணு எழுந்திரிக்காது. அது நம்பிடுச்சி. டாக்டரு இன்னா சொன்னாலும் ஏறாது."

போனில் லேத்தை அணைக்கிற சத்தம் கேட்டது. "நீ வெக்கல. சரி. ஆனா அந்தப் பழம் எங்க மே போச்சி?" என்றார் திருமுருகன்.

எழிலரசி போனை வைத்தார்.

புதன்கிழமை மதியம், ஆண்கள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, சபீனாவோடு ஹெஸ்ஸாவின் வீட்டுக்குப் போனார். கைப்பையில் விடுதிச் சமையலறையிலிருந்து எடுத்த ஓர் எலுமிச்சை. பெரிய கூடம், கனத்த திரைகள், தரையோடு தரையாக மெத்தைகள். சுவரோரம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் அவர்கள் முகத்தை மூடுவதில்லை. அன்று எல்லாரும் மூடியிருந்தார்கள். தன் பார்வை படக் கூடாது என்றுதான் அப்படி என்பது எழிலரசிக்குச் சற்று நேரம் கழித்தே உறைத்தது. சுவர்க் கண்ணாடி மேல் போர்வை போட்டிருந்தது. பக்கத்து அறைக் குழந்தைகளின் சத்தம் அவர் நுழைந்ததும் அறுந்தது. அவர் குடித்து வைத்த காப்பிக் கிண்ணத்தை ஒரு பெண் துணியால் பிடித்து எடுத்துப் போனாள். எட்டு மாதமாக அந்த ஊரில் யாருக்குப் பயந்து, எதற்குத் தயங்கி வாழ்ந்தோம் என்று அவர் நினைத்துப் பார்த்தார். அந்தக் கூடத்தில் பயப்பட வேண்டிய பொருளாக உட்கார்ந்திருந்தது அவர்தான்.

ஹெஸ்ஸா சுவர் ஓரமாகப் படுத்திருந்தாள். முகம் வற்றியிருந்தது. போர்வைக்குள் இடது கால் மடங்கியிருந்தது. வலது கால் மரக்கட்டை மாதிரி நீண்டிருந்தது. எழிலரசியைப் பார்த்ததும் "உஸ்தாதா" என்றாள். டீச்சர் என்று அர்த்தம்.

எழிலரசி பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தலையைச் சுற்றினார். ஏதாவது சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு மந்திரமும் தெரியாது. ரகுநாதன் வீட்டில் சுலோகம் நுழைந்ததே இல்லை. வாயில் தானாக வருவது ஒன்றுதான் இருந்தது. குரலைத் தாழ்த்தி அதையே சொன்னார்.

"சீட்டச் சரி பண்ணு. பெல்ட்டப் போடு. நடுக் கண்ணாடியப் பாரு. சைடு கண்ணாடியப் பாரு. பிரேக்க மிதி. கியர டிரைவுல போடு. மெதுவா விடு. மெதுவா. மெதுவா."

மூடிய முகங்களுக்குள்ளிருந்து முணுமுணுப்பு கிளம்பியது. யாரோ அழுதார்கள். எழிலரசி மறுபடி முதலிலிருந்து சொன்னார். மூன்றாம் சுற்றில் தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது என்கிறார். அறை குளிர்சாதனத்தில் உறைந்து கிடந்தது. கையிலிருந்த பழமோ சுட்டது. "என் கைச்சூடுதான், வேற இன்னா?" என்று இப்போது சொல்கிறார். சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொள்கிறார்.

அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது. பழத்தை ஹெஸ்ஸாவின் காலருகே கொண்டுபோய், எதிர்பாராத நேரத்தில், மைதானத்தில் கத்துகிற அதே உரத்த குரலில் கத்தினார்.

"ஷேர் ஆட்டோ!"

போர்வைக்குள் வலது கால் மிதித்தது.

கூடம் அலறியது. ஹெஸ்ஸா தன் காலைப் பார்த்தாள், பிறகு எழிலரசியின் கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். பதினைந்து நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிளம்பும்போது உம் ஃபஹத் வாசலில் மறித்தார். பழத்தைக் காட்டி, "இதை இந்த ஊரில் போடாதே, இந்த நாட்டிலேயே போடாதே. உன்னோடு கொண்டுபோய் உன்னிடமே வைத்துக்கொள். உன் மகள் பெயரால் சத்தியம் செய்" என்றார். எழிலரசி சத்தியம் செய்தார். பொய்யாக ஒன்றை எடுத்துக் காட்டியாயிற்று. பொய்யாகச் சத்தியமும் செய்துவிட்டுப் போனால் என்ன என்றுதான் நினைத்தாராம். ஆனால் கார்த்திகாவின் பெயரைச் சொன்ன பிறகு அந்தப் பழத்தைக் குப்பைக் கூடையில் போடக் கை வரவில்லை.

போலீஸ் வரவில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள். மதியம் இரண்டு மணிக்குக் கதவு தட்டப்படும். வெயிலில் ஒரு கறுப்பு உருவம் நிற்கும். ஒருத்திக்கு மருமகளுக்குக் குழந்தை தங்க வேண்டும். ஒருத்திக்கு அண்டை வீட்டுக்காரியின் வாயைக் கட்ட வேண்டும். கார் கற்றுக்கொள்ள ஒருவரும் வரவில்லை. ஜூலையில் பள்ளி நிர்வாகம் மரியாதையாக டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பி வைத்தது.

அதற்குள் பழம் சுருங்கிக் கறுத்துக் கோலிக்குண்டு மாதிரி ஆகியிருந்தது. ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்த அதிகாரி அதைக் கையில் எடுத்தார். அவர் முகர்ந்து பார்த்துச் சிரித்தார். காய்ந்த எலுமிச்சை அங்கே குழம்பில் போடுகிற சாமான். எல்லார் வீட்டிலும் இருக்கும். "ஒன்று போதுமா?" என்று கேட்டுத் திருப்பி வைத்தார்.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் நூம்பலிலிருந்த அவர் வீட்டில் அது சமையலறை மேல் தட்டில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவுக்குள் போனது. கார்த்திகா ரசத்தில் போட்டுப் பார்க்கலாம் என்றாள். திருமுருகன் அன்றிலிருந்து சமையலறைக்குள் தண்ணீர் குடிக்கப் போவதை நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமைதோறும் ஹெஸ்ஸா போன் செய்தாள். ஓட்டை இங்கிலீஷும் எழிலரசி கற்றிருந்த நாலு அரபி வார்த்தையுமாகப் பேச்சு ஓடும். லைசென்ஸ் வாங்கிவிட்டாள். கல்லூரிக்குத் தானே போகிறாள். சிரிப்பாள், தன் தம்பியைக் கிண்டல் செய்வாள், கார்த்திகாவை விசாரிப்பாள். கடைசியில் குரல் இறங்கும்.

"உஸ்தாதா, இருக்கிறதா?"

எழிலரசி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இருக்கு" என்பார். அது அவரிடம் இருக்கிறவரை தன் கால் தன்னுடையது என்று அந்தப் பெண் முடிவு கட்டியிருந்தாள்.

நான்கு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் காலை, டப்பாவைத் திறக்காமலே அதற்குள் இருப்பதை நினைத்துக்கொண்டு தான் நிற்பதை எழிலரசி உணர்ந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. ராகுகாலத்தில் கல்யாணம் செய்துகொண்டவளுக்கு இது என்ன கேடு என்று அவருக்கே கோபம் வந்தது. மறுபடி சேர்ந்திருந்த ஹேமநாதனின் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிற வழியில், நூம்பல் ரோடு பிரிகிற முனைக் குப்பை மேட்டில் அதை வீசினார். ஒன்றும் ஆகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு "இருக்கு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னார். எதிர்முனையில் ஹெஸ்ஸா அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டாள். "சரி உஸ்தாதா" என்று சொல்லி ஹெஸ்ஸா போனை வைத்தாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. எழிலரசி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. சபீனாவிடம் கேட்டதற்கு மறுநாள் காலை பதில் வந்தது.

"அக்கா, மறுபடியும் படுத்துட்டாளாம். அதே கால்தான். நீங்க அத்த இன்னா பண்ணீங்க?"

"அவளுக்கு யாருடி சொன்னது?"

"யாரும் சொல்லலியாம். நீங்க பொய் சொல்ற குரல் அவளுக்குத் தெரியுமாம். வகுப்புல நல்லா ஓட்டாதவங்களயும் சூப்பர்னு சொல்லுவீங்களே, அதே குரலாம்."

எழிலரசி வகுப்பை ஹேமநாதனிடம் விட்டுவிட்டு முனைக்கு ஓடினார். உச்சி வெயில். அமாவாசைக்கு மறுநாள். குப்பை மேடு அள்ளப்படாமல் கிடந்தது. அதன் மேல் முந்தின நாள் ஊர் முழுக்கச் சுற்றிக் கழித்தது எல்லாம் வந்து விழுந்திருந்தது. உடைந்த பூசணிக்காய், குங்குமம், கருகிய சூடம், மிளகாய். எலுமிச்சைகள் எங்கு பார்த்தாலும். நேற்றுப் போட்டது, போன அமாவாசைக்குப் போட்டது, அதற்கும் முந்தியது. வெயிலில் வற்றிக் கறுத்துக் கோலிக்குண்டாகிப் போனவை மட்டும் ஒன்பது இருந்தன. ஒன்பதும் ஒரே மாதிரி.

எதிர் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "இன்னாக்கா, தங்கமா போட்டுட்ட?"

"எங்க ஊட்டுது ஒண்ணு இதுல விழுந்துடுச்சி."

"கழிச்சதக் கையால தொடாதக்கா. அவனவன் பீடைய இறக்கி வெச்சிட்டுப் போயிருக்கான்."

"அக்காவுக்குப் பத்தலயாம், பொறுக்கிக்கினு போவுது" என்றான் இன்னொருவன். பெஞ்சு சிரித்தது. எழிலரசி குனிந்தபடியே ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தன்னுடையதற்குக் காம்பு இருந்ததா? ஒரு பக்கம் தட்டையாக இருந்ததா? ஐந்து மாதம் உடன் வைத்திருந்தும் அதை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. திறந்து, இருக்கிறது என்று சொல்லி, மூடியதோடு சரி. ஆறாவதாக எடுத்தது மட்டும் சுட்டது. வெயிலில் எல்லாமே சுட்டன. அது கொஞ்சம் கூடுதல். அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து டப்பாவில் வைத்துப் படம் எடுத்து ஹெஸ்ஸாவுக்கு அனுப்பினார். நீலக் குறி விழுந்தது. ஒரு மணி நேரம் எதுவும் இல்லை. திருமுருகன் கூடத்தில் நின்றுகொண்டு, சமையலறைப் பக்கம் பார்க்காமல், "அதான்றியா? நிச்சயமா அதானா?" என்று மூன்று தடவை கேட்டார். மாலை நான்கரைக்குப் போன் அடித்தது.

"உஸ்தாதா! நின்றுவிட்டேன். மாடிப்படி ஏறினேன்." ஹெஸ்ஸா அழுதுகொண்டே சிரித்தாள். "இனிமேல் அதை எங்கேயும் விடாதீர்கள்."

"விடமாட்டேன்" என்றார் எழிலரசி. அது பொய்க் குரல் இல்லை.

ஹெஸ்ஸா இப்போது ஒரு மருந்தகத்தில் வேலைக்குப் போகிறாள். எண்பது கிலோமீட்டர், தனியாக. எழிலரசி பூந்தமல்லியில் தினம் ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டி ஓட்ட வைக்கிறார். டப்பா மேல் தட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் திறந்து, வெளிச்சத்தில் காட்டிப் படம் எடுத்து அனுப்புகிறார். சமையலறையில் மதிய நேரத்தில் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் இரண்டு மாதமாகக் கேட்பதாகக் கார்த்திகா சொன்னாள். குக்கர் வாஷராக இருக்கும் என்று எழிலரசி வாஷரை மாற்றினார். பிறகு குக்கரையே மாற்றினார்.

அது ஹெஸ்ஸாவின் பழம் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. எட்டை விட்டுவிட்டு எடுத்த ஒன்று. அதைக் கழித்துப் போட்டவர்கள் நூம்பலிலோ வேலப்பன்சாவடியிலோ எங்கோ நிம்மதியாக இருக்கிறார்கள். யாரிடமிருந்து எடுத்தது, எதை எடுத்தது என்று தெரியாது. இருக்கிறதா என்று அவர்களில் யாரும் போன் செய்து கேட்பதில்லை.